மலேயாக் காயிதம்

தபால்காரன் வேலைக்கு வந்த முதல் மாதத்திலேயே சாவுக் காயிதத்தை எப்படிக் கொடுப்பது என்று கற்றுக்கொண்டேன். யாரும் சொல்லித் தரவில்லை. நாலு ஓரமும் கறுப்பு தடவிய காயிதத்தை ஒரு வீட்டுக்குள்ளேயே கொண்டுபோய் நீட்டினேன். அந்த வீட்டுக்காரி விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஞானம் தானாக வந்துவிட்டது. அதற்கப்புறம் அப்படிக் காயிதம் வந்தால் தெருவிலேயே நின்று ஆளைக் கூப்பிடுவேன். அவர்கள் வெளியே வந்து வாங்கி, நின்றபடியே படிப்பார்கள், இல்லாவிட்டால் என்னைப் படிக்கச் சொல்லுவார்கள். படித்ததும் கிழித்து எறிந்துவிட்டுக் காலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு உள்ளே போவார்கள். அந்தக் காயிதம் வாசப்படி தாண்டக் கூடாது. புத்தூருக்கும் நகரிக்கும் நடுவில் இருக்கிற எங்கள் எல்லம்பேட்டையில் தமிழ் பேசுகிறவனுக்கும் தெலுங்கு பேசுகிறவனுக்கும் இந்த ஒரு விஷயத்தில் சண்டை வந்ததில்லை.

மற்றதில் எல்லாம் வந்தது. ஐம்பத்தொன்பதாம் வருஷம் அது. ஆந்திர ராஜ்யம் பிரிந்து ஆறு வருஷம் ஆகியும், எந்த ஊர் எந்தப் பக்கம் என்று டீக்கடையில் தினம் ஒரு கணக்கு ஓடும். திருத்தணி மெட்ராஸுக்குப் போகிறது என்பான் ஒருவன். நாமும் கூடவே போகிறோம் என்பான் இன்னொருவன். கடலைக்காய்க் கொல்லையில் களை எடுக்கிற பெண்கள் மட்டும், எந்தப் பக்கம் போனாலும் களை முளைக்காமலா இருக்கப்போகிறது என்று சிரிப்பார்கள். அந்தப் பெண்களே தங்கள் பிள்ளைகளைத் தமிழ் வகுப்பிலிருந்து எடுத்துத் தெலுங்கு வகுப்பில் போட்டார்கள். தாலூகா ஆபீஸில் தெலுங்குதானே பேசுகிறான், அவர்களைக் குற்றம் சொல்ல முடியுமா? ஐம்பது பிள்ளைகள் இருந்த தமிழ் வகுப்பில் பத்தொன்பது பேர் மிஞ்சினார்கள்.

அந்தப் பத்தொன்பது பேருக்கு வாத்தியார் உமாபதி. ஒல்லியான ஆள். எங்கள் ஊர் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைதான். ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு வாரப் பத்திரிகையில் விலாசம் பார்த்து, மலேயாவில் ஒரு ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு எழுதிப் போட்டார். அங்கே இருந்த வாத்தியார் பச்சையப்பன் பதில் எழுதினார். அவருடைய தாத்தா நகரிப் பக்கத்திலிருந்து கப்பல் ஏறிப் போனவராம். அன்று பிடித்தது. மாதம் ஒரு தரம் இங்கேயிருந்து பிள்ளைகள் எழுதுவார்கள், அங்கேயிருந்து பிள்ளைகள் எழுதுவார்கள். வாத்தியார்கள் இருவரும் அதற்குள்ளே தங்கள் காயிதத்தையும் வைப்பார்கள். அங்கேயிருந்து வருவது எப்போதும் நீலக் காயிதம். அது வருகிற அன்றைக்குப் போஸ்ட்மாஸ்டர் கிருஷ்ணப்பா, "ஏம் எத்திராஜூ, மலேயா உத்தரம் ஒச்சிந்தி" என்று காயிதம் வந்த சேதியைப் பையைப் பிரிக்கும்போதே தெலுங்கில் கத்துவார். நான் முதலில் பள்ளிக்கூடத்துக்குத்தான் சைக்கிளை மிதிப்பேன்.

அந்தக் காயிதங்களை வகுப்பில் உரக்கப் படிப்பார்கள். நானும் வாசலில் நின்று கேட்பேன். ரப்பர் மரத்தில் வருகிற பாலைக் குடிக்கலாமா என்று எங்கள் பிள்ளைகள் கேட்டிருப்பார்கள். குடித்தால் குடல் ஒட்டிக்கொள்ளும் என்று பதில் எழுதிவிட்டு, நீங்கள் துன்னுகிற களி எப்படி இருக்கும் என்று அந்தப் பிள்ளைகள் கேட்டிருப்பார்கள். களியைக் காயிதத்தில் எப்படி அனுப்புவது? கேழ்வரகைத்தான் ஒரு பிடி முடிந்து அனுப்பினார்கள். அங்கேயிருந்து ரப்பர் விதை வந்தது. ஒரு தரம் உமாபதி சார் காளஹஸ்திக்குப் போய், ஓரமெல்லாம் கறுப்புப் பூங்கொடி ஓடுகிற கலம்காரித் துணி ஒன்று வாங்கி அனுப்பினார். துருப்பிடித்த ஆணியையும் வெல்லத்தையும் தண்ணீரில் ஊறப்போட்டு அந்தக் கறுப்பு மையை எடுக்கிறார்கள் என்று தாட்சாயணி என்ற பெண் இரண்டு பக்கம் எழுதினாள். தமிழ் வகுப்பில் அவள்தான் கெட்டி.

"ஒரே ஒரு தரம் இந்தப் பசங்களையும் அந்தப் பசங்களையும் பக்கத்துல பக்கத்துல உக்கார வச்சிப் பாக்கணும் எத்திராஜு. அப்பால இந்த வகுப்ப மூடினா மூடிக்கட்டும்" என்று உமாபதி சார் என்னிடம் சொல்லுவார். அவருக்கு அது ஒன்றுதான் ஆசை. பச்சையப்பன் சாரும் ஒவ்வொரு காயிதத்திலும் 'ஒரு முறையாவது வர வேண்டும்' என்று முடிப்பார். எல்லோரும் எழுதுகிறதுதானே என்று நான் நினைத்துக்கொள்வேன்.

அந்த ஆடி மாதம் ஊரில் பாரதம் வைத்தார்கள். பதினெட்டு நாள் கூத்தும் கதையும் நடந்து, கடைசி ஞாயிற்றுக்கிழமை திரௌபதியம்மன் கோயில் முன்னால் தீமிதி. உமாபதி சார் காப்புக் கட்டிக்கொண்டார். அவருடைய மகள் அலர்மேல்மங்கைக்கு இரண்டு பிள்ளை பிறந்து பிறந்து போயிற்று. மூன்றாவதை ஏழு மாதம் சுமந்துகொண்டு தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். வாத்தியாரின் பெண்சாதி ரத்தினம்மா, இந்தப் பிள்ளை தங்கினால் என் புருஷன் நெருப்பில் இறங்குவான் என்று வேண்டிக்கொண்டாள். நெருப்பில் இறங்க வேண்டியது அவர், வேண்டிக்கொண்டது அவள். நம் ஊர் வழக்கம் அப்படி! காப்புக் கட்டியவன் காதில் சாவுச் சேதி விழக் கூடாது. விழுந்தால் காப்பை அறுத்துவிட வேண்டியதுதான்.

காப்புக் கட்டிய எட்டாம் நாள், வியாழக்கிழமை, பிடித்த மழை விடவில்லை. புத்தூரிலிருந்து வந்த பை தொப்பலாக நனைந்திருந்தது. கிருஷ்ணப்பா பையைப் பிரித்தவர் கத்தவில்லை. ஒரு வெள்ளைக் கவரை இரண்டு விரலால் எடுத்து மேஜை மேல் வைத்தார். மலேயாத் தபால் தலை. நாலு ஓரமும் கறுப்பு. மழையில் கறுப்பு ஊறி உள்பக்கமாக இறங்கியிருந்தது.

"ஐயோ பாவம்" என்று தமிழிலேயே சொன்னார்.

பள்ளிக்கூடத்துக்குப் போனால் காப்புக் கட்டிய மனிதர் கையில் கொடுக்க வேண்டும். அதனால் அவர் வீட்டுக்குப் போய்த் தெருவில் நின்று மணி அடித்தேன். ரத்தினம்மா அக்கா கூழ்க் கரண்டியோடு எட்டிப் பார்த்தாள்.

"இன்னா எத்திராஜு, மழைல அங்கியே நின்னுக்கினு கீற? உள்ள வா, ஒரு சொம்பு கூழு குடிச்சிட்டுப் போ."

"வர முடியாதுக்கா. நீ இப்டி வா."

என் கையைப் பார்த்தாள். கரண்டியை அங்கேயே போட்டுவிட்டு வந்தாள்.

"யாருது?"

"மலேயாக்கா."

"அடி ஆத்தா! அந்த வாத்தியாரா?"

"தெரியல. பிரிச்சிப் படிக்கட்டுமா?"

"வாயத் தொறக்காத! உள்ள புள்ளத்தாச்சி கீறா. அவருக்குக் காப்பு கீது. இன்னும் பத்து நாளு. பத்து நாளு கழிச்சி நானே சொல்லிக்கிறேன். அதுவரிக்கும் உன் வாயில இருந்து ஒரு சொல்லு வந்துச்சின்னா, என் மூஞ்சில முழிக்காத."

"அதுவரிக்கும் இத எங்க வச்சிருப்ப?"

"இத வைப்பாங்களா யாராச்சும்?"

என் கையிலிருந்து வாங்கினாள். பிரிக்காமலேயே நாலாகக் கிழித்தாள். மழைத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த கால்வாயில் போட்டாள். துண்டுகள் ஏரிப் பக்கம் போயின. காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தேன். நல்ல காரியம் செய்துவிட்டதாகத்தான் அன்றைக்கு நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை உமாபதி சார் தீ மிதித்தார். கால் கொப்புளிக்கவில்லை. திங்கட்கிழமை மஞ்சள் தண்ணீர் தெளித்துக் காப்பை அவிழ்த்தார்கள். இன்றைக்கு மட்டும் அவர் சந்தோஷமாக இருக்கட்டும் என்று ரத்தினம்மா அன்றும் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில், அவர் பல் விளக்கிவிட்டு வந்து உட்கார்ந்ததும் சொன்னாள்.

ஏழு மணிக்கு அவர் என் வீட்டு வாசலில் நின்றார். சட்டை போடவில்லை, துண்டு மட்டும்தான்.

"கறுப்பு தடவி வந்துச்சாமே?"

"ஆமா சார்."

"மலேயாத் தபால் தலைதானே?"

"ஆமா சார்."

"வேற யாராச்சும் செத்திருந்தா அவரே நீலக் காயிதத்துல எழுதியிருப்பாரு. போன மாசமே நெஞ்சு வலிக்குதுன்னு எழுதினாரு." துண்டை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "விலாசம் எந்தக் கையெழுத்து எத்திராஜு? நீ பாத்திருப்பியே."

நான் பார்த்திருந்தேன். ஏழு வருஷமாகப் பார்த்த கையெழுத்து. குண்டு குண்டாக, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக நிற்கும். கவரின் பின்பக்கம் 'பச்சையப்பன், ஆசிரியர்' என்றும் இருந்தது. கண் பார்த்தது, கறுப்பைக் கண்ட புத்தி அதைப் படிக்கவில்லை. அவர் கேட்டபோதுதான் அது எனக்குள்ளே சுருக்கென்றது. ஆனால் சந்தேகமாகத்தான் இருந்தது. ஒருவேளை நான் நினைப்பது பழைய காயிதமோ? பொம்பளை கையில் கொடுத்துக் கிழிக்கவிட்டு வந்தவன், இப்போது என்ன சொல்லுவது?

"மழையில ஊறிப்போச்சு சார். கவனிக்கல" என்றேன்.

இதை நான் என் வாயால் சொன்னேன். இத்தனை வருஷத்தில் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன், எதுவும் என் தூக்கத்தைக் கெடுத்ததில்லை. இது கெடுக்கிறது.

அவர் ஏரிக்குப் போனார். சொந்த அண்ணன் செத்தவன் போலத் தலை முழுகினார். பிள்ளைகளும் கரையில் வந்து நின்றார்கள். தாட்சாயணி விசும்பி விசும்பி அழுதாள். "அழுவாதீங்க. போய் எழுதுங்க. அவரப் பத்தி உங்களுக்கு இன்னா தோணுதோ, அத எழுதுங்க. அவர் பொஞ்சாதி படிக்கட்டும்" என்றார் சார். அன்று முழுக்கத் தமிழ் வகுப்பில் பத்தொன்பது பேரும் எழுதினார்கள். அவர் ஒன்று எழுதினார். புதன்கிழமை நானே முத்திரை குத்தி விமானத் தபாலில் சேர்த்தேன்.

பதினேழு நாள் கழிந்தது. பையில் மெட்ராஸ் முத்திரையோடு ஒரு கவர் வந்தது. உமாபதி சாருக்கு. குண்டு குண்டாக, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக. மற்றக் காயிதங்களை மேஜை மேலேயே விட்டுவிட்டேன். கிருஷ்ணப்பா, "ஏமய்யா, எங்க ஓடற?" என்றார். நிற்காமல் பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். சைக்கிளை எடுக்கக்கூடத் தோன்றவில்லை.

சார் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தார். கவரைப் பார்த்தார். சுண்ணக்கட்டியைக் கீழே வைத்தார். மனசுக்குள்ளே படித்தார். பாதியில் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். அப்புறம் என்னிடம் நீட்டினார்.

'அன்புள்ள உமாபதி, என் கடிதம் கிடைத்திருக்கும். எங்கள் தோட்டத்திலிருந்து மூன்று குடும்பங்கள் திருப்பதிக்கு முடி கொடுக்க வந்தன. அவர்களோடு நம் வகுப்புப் பிள்ளைகள் நால்வரையும் அழைத்துக்கொண்டு நானும் வந்தேன். செவ்வாய்க்கிழமை விடியலில் மலையடிவாரத்து அலிபிரியில் நிற்போம், உங்கள் பிள்ளைகளோடு வாருங்கள், எல்லோரும் சேர்ந்து மலை ஏறலாம் என்று எழுதியிருந்தேன். உங்களுக்கு அடையாளம் தெரிய வேண்டும் என்று நால்வரும் கவரின் ஓரத்தில் வரைந்த கறுப்புப் பூங்கொடியை அப்படியே ஒரு அட்டையிலும் வரைந்து பிடித்துக்கொண்டு நின்றார்கள். உங்கள் காளஹஸ்தித் துணியைப் பார்த்து, நீங்கள் சொன்னபடி ஆணியும் வெல்லமும் ஊறவைத்து எடுத்த மை. பத்து மணி வரை நின்றோம். அன்றைக்கே உங்கள் ஊருக்குப் புறப்பட்டேன். எல்லைத் தகராறு நடக்கிறது, பிள்ளைகளோடு அந்தப் பக்கம் போக வேண்டாம் என்று சத்திரத்தில் தடுத்தார்கள். உங்களுக்கு என்ன சங்கடமோ. தமிழ்ப் பள்ளியோடு எழுதுவதை உங்கள் மேலதிகாரிகள் விரும்பவில்லையோ என்றும் நினைத்தேன். பிள்ளைகளுக்குத்தான் என்ன சொல்வதென்று தெரியவில்லை. தெற்கே சொந்தக்காரர்களைப் பார்த்துவிட்டு வந்தோம். இன்று மாலை கப்பல்.'

தேதியைப் பார்த்தேன். கப்பல் போய் மூன்று நாள் ஆகியிருந்தது.

செவ்வாய்க்கிழமை விடியல். அலிபிரி எங்கள் ஊரிலிருந்து ஒரு ரயில் தூரம். அந்த மனிதர் அங்கே நின்று பாதையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் நாங்கள் இங்கே அவருக்குத் தலை முழுகிக்கொண்டிருந்தோம்.

"எத்திராஜு, நம்ம பசங்க எழுதின காயிதம் இன்னேரம் அங்க போயிருக்குமா?" என்றார் சார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பச்சையப்பன் சாருடைய பெண்சாதி கமலம்மா அங்கே தனியாக இருக்கிறாள். புருஷன் இந்தியாவுக்குப் போயிருக்கிறான். இந்தியாவிலிருந்து, அவன் பார்க்கப் போன ஊரிலிருந்தே, இருபது காயிதம் போகிறது, உன் புருஷன் செத்தான் என்று!

சாரைச் சைக்கிளில் உட்கார வைத்துப் புத்தூருக்கு மிதித்தேன். 'பச்சையப்பன் உயிரோடு இருக்கிறார், கப்பலில் வருகிறார், எங்கள் தவறு' என்று தந்தி கொடுத்தோம். இருட்டுகிற நேரத்தில் திரும்பினோம். கரும்புத் தோட்டத்துக்குப் பக்கத்தில் நான் இறங்கி, "சார், அன்னிக்குக் கையெழுத்து நான் பாத்தேன். அவருதுதான். பொய் சொல்லிட்டேன்" என்றேன். அடிப்பார் என்று நினைத்தேன். "சரி, மிதி" என்றார். அடித்திருக்கலாம்.

வீட்டில் ரத்தினம்மா எல்லாவற்றையும் கேட்டாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

"அப்டின்னா அவரு சாகலியா? சாமி, நல்லாருக்கட்டும்." கூப்பிய கையை இறக்கிவிட்டு, "நான் கிழிக்காம எங்கியாச்சும் செருகி வச்சிருந்தேன்னா..." என்றாள். உள்ளேயிருந்து மகள் தண்ணீர் கேட்டாள். எழுந்து போய்விட்டாள்.

புரட்டாசியில் அலர்மேல்மங்கைக்குப் பெண் பிறந்தது. தங்கியது. ஊரே வந்து பார்த்தது. ரத்தினம்மா என் கையில் சர்க்கரையைக் கொடுத்துவிட்டுச் சொன்னாள், "எத்திராஜு, நான் செஞ்சது தப்புன்னு சொல்ல வாய் வரல. சரின்னு சொல்லவும் வரல." சர்க்கரையை வாயில் போட்டுக்கொண்டு வந்தேன்.

ஐப்பசி அடைமழையில் மலேயாவிலிருந்து தடித்த கட்டு ஒன்று வந்தது. சாவுக்கு எழுதிய அந்தப் பத்தொன்பது காயிதமும் திரும்பி வந்திருந்தன. எல்லாவற்றிலும் சிவப்பு மை. பச்சையப்பன் சார் தம்மைப் பற்றிப் பிள்ளைகள் அழுது எழுதியதையெல்லாம் படித்து, பிழை திருத்தி, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டிருந்தார். தாட்சாயணிக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. மேலே ஒரே ஒரு தாள் உமாபதி சாருக்கு. வகுப்பு முடிந்ததும் அவர் அதை எனக்குப் படித்துக் காட்டினார்.

'நண்பரே, மூன்று நாள் என் வீட்டில் நான் இறந்தவன். உங்கள் தந்தி போய்ச் சேருவதற்குள் கமலம்மாவின் வளையலை உடைத்துவிட்டார்கள். திரும்பப் போட்டுவிட்டோம். எங்களுக்குச் சாவுச் சேதி கடிதத்தில் வருவதில்லை. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் ஒரு வீட்டில் அழுதால் எல்லா வீட்டுக்கும் கேட்கும். கறுப்பு ஓரத்துக்கு அங்கே அப்படி ஓர் அர்த்தம் இருப்பது எனக்குத் தெரியாமல் போயிற்று. பூ என்றுதான் வரைந்தோம். உங்கள் வீட்டார் மீது எனக்குக் கோபம் இல்லை. ஆனால் இந்தியத் தபால் தலையைப் பார்த்தாலே இவள் நடுங்குகிறாள். இந்தக் கட்டை அவளுக்குத் தெரியாமல் அனுப்புகிறேன். இனி நாம் எழுதிக்கொள்ள வேண்டாம். பிள்ளைகள் நன்றாக எழுதியிருக்கிறார்கள். செத்த பிறகு கிடைப்பதை நான் இருக்கும்போதே படித்துவிட்டேன்.'

சார் அந்தக் காயிதங்களைப் பிள்ளைகளிடம் கொடுத்தார். "பதிலு எழுதலாமா சார்?" என்று தாட்சாயணி கேட்டாள். "வேணாம்மா" என்றார். அவ்வளவுதான்.

அடுத்த வருஷம் பங்குனியில் எல்லை முடிவாயிற்று. திருத்தணி மெட்ராஸுக்குப் போயிற்று. நாங்கள் இங்கேயே நின்றோம். ஆனியில் பள்ளிக்கூடம் திறந்தபோது தமிழ் வகுப்பு இல்லை. இருந்த பிள்ளைகளைத் தெலுங்கில் சேர்த்தார்கள். சாருக்குச் சின்ன வகுப்பில் கணக்கு கொடுத்தார்கள், அதையும் தெலுங்கில் சொல்லித்தர வேண்டும். பேசத் தெரியுமே தவிர அவருக்கு எழுத்து தெரியாது. நாற்பத்தைந்து வயதில் சிலேட்டும் பால சிட்சை என்ற தெலுங்கு அரிச்சுவடியும் வாங்கிவந்து சாயங்காலத்தில் எழுதிப் பழகினார்.

ஒரு சாயங்காலம் மணியார்டர் கொடுக்க அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். ரத்தினம்மா களி கிண்டிக்கொண்டிருந்தாள். குழந்தை தூங்கிற்று. சார் சிலேட்டில் வட்டம் வட்டமாக எழுதிக்கொண்டிருந்தார். அவள் துடுப்பை நிறுத்தி அவரையே பார்த்தாள்.

"அந்தக் கவரு மேல அவரு பேரு, அவரு கையாலியே எழுதியிருந்துச்சாமே. எத்திராஜு சொன்னான்."

"ஆமா."

"எனக்கு நாலு எழுத்து தெரிஞ்சிருந்தா, செத்தவன் எப்படிடா எழுதுவான்னு நின்னிருப்பேனே." துடுப்பைச் சட்டி ஓரத்தில் சாய்த்தாள். "கடலுக்கு அந்தாண்ட கீற பசங்களுக்கெல்லாம் தமிழு எழுதிப் போட்டீங்க. இருபத்தாறு வருசமா உங்களுக்குச் சோறு ஆக்கிப் போட்டுக்கினு கீறேன். ஒரு நாளு எனக்கு ஒரு எழுத்து கத்துக் குடுக்கணும்னு தோணலியே உங்களுக்கு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். எழுத்துத் தெரிந்தவன் அங்கே ஒருவன் நின்றுகொண்டுதானே இருந்தான்.

சார் சிலேட்டைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு அதை அவள் பக்கம் தள்ளி, "இப்ப கத்துக்கிறியா?" என்றார்.

அவள் அதைத் தொடவில்லை. துடுப்பை எடுத்துக் களியைக் கிளறத் தொடங்கினாள்.

"இனிமே நமக்கு யாரு காயிதம் எழுதப் போறாங்க?" என்றாள்.